கப்பலும் பீரோவும்

பெரம்பலூர்
28 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை விடுதி வார்டனான என் அறையில் கூடிய அவசரக் கூட்டத்தில், உனக்கு எழுதும் கடிதத்தை நீல மையில் எழுதுவதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. கூட்டத்துக்கு வந்திருந்தவர் நான் மட்டும்தான். கறுப்பு மை குறிப்பாணையை நினைவூட்டும், சிவப்பு மை விடைத்தாளை நினைவூட்டும் என்ற இரு கருத்துகளும் விரிவாக விவாதிக்கப்பட்டன. உன் எண்ணுக்கு அழைப்பு போகாததற்குக் காரணம் அரியலூரில் சிக்னல் இல்லாதது அல்ல, நீ என்னைத் தடைசெய்து வைத்திருப்பதுதான் என்பதையும் கூட்டம் வருத்தத்துடன் பதிவுசெய்துகொண்டது.

தாய்மாமனாக இருந்தும் ஆர்த்தியின் காதுகுத்துக்கு நான் வராதது தப்புதான். அன்று கல்லூரிக்கு ஆய்வுக் குழு வந்தது. என் விடுப்புக் கடிதத்தை அலுவலகக் கண்காணிப்பாளர் கருப்பண்ணன் இரண்டு முறை படித்தார். "காதுல ஓட்ட அடுத்த மாசங்கூட போட்டுக்கலாம் சார். இன்ஸ்பெக்‌ஷன் அடுத்த மாசம் வருமா?" என்றார். நான் விடுப்புக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

சொல்லாமல் கிளம்பி வந்திருக்கலாமே என்று கேட்பாய். வந்திருக்கலாம். கேட்டில் யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் என் பத்தாம் வகுப்பு முதல் எம்.இ. வரையிலான ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் தாளாளர் அறையை ஒட்டிய அறையில் ஓர் இரும்பு பீரோவில் இருக்கின்றன. வேலையில் சேரும் நாளில் எல்லாரிடமும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கோயில் வாசலில் செருப்பை விடுவதுபோல நானும் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன்.

இரண்டு செய்திகள். அரசு பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வில் நான் தேறிவிட்டேன். பிப்ரவரி 24, சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லாமல் வருகிறவர்களைப் பரிசீலிக்க மாட்டார்கள்.

இன்னொன்று, எங்கள் தாளாளரின் மகன் தமிழழகன் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறான். எம்.பி.ஏ. படிக்கப் போனவன் ஜாஸ் இசைக் கலைஞனாகத் திரும்பியிருக்கிறான். ஆப்பிரிக்க மக்களைப் பிடித்துக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய் அடிமைகளாக விற்ற வரலாற்றைப் பற்றி அவனும் நண்பர்களும் சேர்ந்து ஓர் ஆல்பம் செய்திருக்கிறார்கள். பெயர் 'மேல்தளம் இல்லாத கப்பல்'. அதன் இந்திய வெளியீட்டு விழா பிப்ரவரி 15 அன்று எங்கள் கலையரங்கில் நடக்கும். ஆசிரியர்கள் அனைவரும் கட்டாயம் வர வேண்டும். வராதவர்கள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். கல்லூரி மலரின் பொறுப்பாசிரியர் என்ற முறையில், அடிமை வரலாறு குறித்துத் தமிழில் விளக்கவுரை எழுதும் பணி எனக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

தம்பி,
பிரகாஷ்


அரியலூர்
31 ஜனவரி

தம்பி பிரகாசு,

மை நன்றாக இருந்தது. கடிதம் நன்றாக இல்லை.

ஆர்த்தி விக்கி மடியில் உட்கார்ந்தாள். சித்தப்பா மகன் என்பதால் அவனும் மாமன் முறைதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆசாரி ஊசியை எடுத்ததும் ஆர்த்தி சும்மா இருந்தாள், அவன் கண்ணை மூடிக்கொண்டு கத்தினான். மண்டபமே சிரித்தது. என் மாமியார் சிரிக்கவில்லை. "படிச்ச மாமன் வரல, பயந்த மாமன் வந்திருக்கான்" என்றார். நான் எந்தப் பக்கம் திரும்பி நிற்பது?

உன் நம்பர்மேல் போட்ட தடையை எடுத்துவிட்டேன். ஆனாலும் போன் பண்ணாதே. போனில் நீ "ம்" என்பாய், "பாக்கலாம்" என்பாய், வைத்துவிடுவாய். எழுது. காகிதத்தில் "ம்" என்று மட்டும் எழுதி அனுப்ப உனக்கே கூச்சமாக இருக்கும்.

தேர்வில் தேறியதை இரண்டாவது பக்கத்தில், மை விவகாரத்துக்கு அப்புறம் எழுதுகிறாய். உன் மாமாவிடம் சொன்னேன். சிமெண்ட் ஆலையில் கூட வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்துவிட்டார். இனி நீ போகாமல் இருக்க முடியாது.

நான் புக்கிங் கவுன்டரில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழிக்கிறேன். உனக்கு ஒன்று போட மாட்டேனா? 23ஆம் தேதி பகல் வண்டி, ஜன்னலோரம். பெரம்பலூரிலிருந்து நேராகச் சென்னைக்கு பஸ் இருக்கிறது என்று எழுதாதே. எனக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு ரயிலில் போ.

சர்டிபிகேட்டைப் பிடித்து வைப்பது சட்டப்படி தப்பு என்று எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் சொல்கிறார். கேட்டுப் பார்த்தாயா? புகார் கொடுத்தாயா? கேட்பதற்கு முன்னாலேயே கிடைக்காது என்று முடிவுகட்டுவதில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை.

அக்கா,
வெற்றிச்செல்வி


பெரம்பலூர்
4 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டேன். தாளாளர் என்னை உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். இரண்டும் கெட்ட அறிகுறிகள்.

"கவர்மெண்ட் வேலையா? ரொம்ப சந்தோஷம் தம்பி. நம்ம காலேஜுக்கே பெருமை" என்றார். பிறகு, "செமஸ்டர் முடியட்டும். சித்திரையில வாங்கிக்கலாம்" என்றார்.

"சரிபார்ப்பு இந்த மாசம் இருபத்துநாலுங்க ஐயா."

"அதுக்குள்ள உங்க எடத்துக்கு ஒரு ஆளக் கொண்டாந்து விட்டுட்டுப் போங்க. நான் என்ன பிடிச்சா வச்சிருக்கேன்? சர்டிபிகேட் இங்க இருக்கறது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. வூட்ல இருந்தா கரையான் அரிச்சுடும்."

அவர் சொல்வதை அவர் நம்புகிறார் என்பதுதான் இதில் சிக்கலான இடம். போன ஆண்டு ஒருவர் புகார் கொடுத்தார். விசாரிக்க வந்த அன்று பீரோவில் அவருடைய ஃபைல் மட்டும் இல்லை. எல்லாரும் சேர்ந்து தேடினார்கள், தாளாளரும் தேடினார். அடுத்த கல்வியாண்டில் அது கிடைத்தபோது அவர் சேரவேண்டிய வேலையில் வேறொருவர் இருந்தார்.

எனக்குப் பக்கத்து மேசை மேகலா மேடம். கணவரும் கைக்குழந்தையும் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுகிறார். குழந்தை இவரைச் சனிக்கிழமை அம்மா என்று நினைத்திருக்கக்கூடும். அங்கே ஒரு கல்லூரியில் வேலை தயாராக இருக்கிறது. அவர்களும் ஒரிஜினலைத்தான் கேட்கிறார்கள், அவர்களுடைய பீரோவில் வைப்பதற்கு.

விளக்கவுரைக்காகத் தமிழழகன் பாட்டுகளை ஒரு பென் டிரைவில் கொடுத்தான். கிண்டல் செய்யும் எண்ணத்தோடுதான் கேட்க உட்கார்ந்தேன். முடியவில்லை. இதற்குத் தலைமை ஒரு டிரம்பெட் வாசிக்கும் பெண்மணி. அவருடைய முன்னோர் பருத்திக் காட்டில் அடிமைகளாக இருந்தவர்கள். இவன் ஆளுயர பேஸ் வயலினை நின்றுகொண்டு வாசிக்கிறான். முதல் பாட்டு கப்பலின் அடித்தட்டு. டிரம்பெட்டில் சுரமே எழவில்லை, மூச்சு மட்டும் போய் வருகிறது. மூச்சு விடுகிறவர்கள் எத்தனை பேர் என்று தெரியாத மாதிரி வாசித்திருக்கிறார். கீழே பேஸ், மரம் கிரீச்சிடுவதுபோல. இரண்டாவது பாட்டு ஏலம். மூன்றாவதன் பெயர் 'சீட்டு'. அடிமைகள் தோட்டத்தை விட்டு வெளியே கால் வைக்க வேண்டுமானால் எஜமான் எழுதிக் கொடுத்த சீட்டு வேண்டுமாம். வழியில் ரோந்துக்காரர்கள் நிறுத்திக் கேட்பார்களாம். டிரம்பெட் ஒரு மெட்டை எடுக்கிறது, நடுவில் டிரம் குறுக்கிட்டு நிறுத்துகிறது, திரும்ப முதலிலிருந்து எடுக்கிறது. பாட்டு முடியும்வரை அந்த மெட்டு முழுசாக வரவே இல்லை.

எழுதத் தெரிந்தவர்கள் தாங்களே சீட்டு எழுதிக்கொண்டு தப்பியிருக்கிறார்கள். அதனால் சில மாகாணங்களில் அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதையே குற்றமாக்கினார்கள். இங்கே ஏற்பாடு வேறு மாதிரி. எழுதப் படிக்கத் தெரியாதவனிடம் பிடித்து வைக்க என்ன இருக்கிறது?

பாட்டுகளை உனக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். போன் பண்ணக்கூடாது என்றுதான் சொன்னாய்.

பிரகாஷ்


அரியலூர்
8 பிப்ரவரி

பிரகாசு,

டூட்டி முடிந்து குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்து கேட்டேன். முதல் பாட்டை முழுக்கக் கேட்க முடியாமல் நிறுத்திவிட்டுப் போய் அரிசி களைந்தேன். திரும்ப வந்து கேட்டேன். உன் மாமா, "என்ன இது, ஆஸ்துமாக்காரங்க பாட்டா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள். கப்பலையும் உன் பீரோவையும் ஒரே கடிதத்தில் எழுதாதே. அந்த ஜனங்களை இரும்பில் பூட்டினார்கள், பெற்ற பிள்ளையைக் கண்ணெதிரே விற்றார்கள். உனக்கு மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது, ஏ.சி. லேப் இருக்கிறது, மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை கோழி போடுகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? அப்பாவுடைய தாத்தா வாலிகண்டபுரம் பக்கம் பண்ணையாளாக இருந்தார். நிலம் கைமாறியபோது அவரும் கைமாறினார். ஏர், மாடு, ஆள். அப்பா இதைச் சொன்னால் ஒருநாளும் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை. அந்த வீட்டிலிருந்து வந்த நீ, ஒரு பீரோவுக்குப் பயந்துகொண்டு, பாட்டில் வருகிற ஆளாக உன்னை நினைத்துக்கொள்கிறாய். அவர்களில் ஒருத்தராவது லீவ் லெட்டர் எழுதினார்களா?

பாட்டில் எனக்குப் பிடித்தது அந்த 'சீட்டு'தான். அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் புதுசாக ஆரம்பிக்கிறார். நீ ஒருதரம் கேட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிட்டாய்.

டிக்கெட் என் கைப்பையில் இருக்கிறது.

வெற்றிச்செல்வி


பெரம்பலூர்
12 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொண்டேன். இப்போது சரியாகிவிட்டது. கப்பல் வேறு, பீரோ வேறு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். விளக்கவுரையிலும் பீரோ வராது.

ஆனால் பீரோவே விழாவுக்கு வருகிறது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அரங்கின் பக்கச் சுவர் முழுக்க வெள்ளைத் தாள்களைத் தொங்கவிட வேண்டுமென்று தமிழழகன் கேட்டான். எழுத்தே இல்லாத தாள்கள். பெயர் தெரியாமல் கடலில் போனவர்களுக்காக. தாளாளருக்கு இது பிடிபடவில்லை. "வெத்துப் பேப்பர எதுக்குப்பா தொங்க விடணும்? பெரிய மனுசங்கல்லாம் வர்றாங்க. நம்மகிட்ட எவ்ளோ டிகிரி இருக்கு, அதத் தொங்க விடுவோம்" என்றார். மகன் சொல்லைத் தட்டாத தகப்பன், கூடவே கல்லூரியின் தரத்தையும் காட்டிவிடுகிற தாளாளர். ஆக, ஆசிரியர்கள் எல்லாருடைய ஒரிஜினல்களும் ஆளுக்கொரு பச்சை ஃபைலாகச் சுவரில் கம்பி கட்டி வரிசையாகக் கிளிப் போட்டு மாட்டப்படுகின்றன. கருப்பண்ணன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

இன்று ஒத்திகையில் தமிழழகன் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"சார், இதெல்லாம் ஜெராக்ஸ்தானே?"

"ஒரிஜினல்."

"ஒரிஜினல் ஏன் இங்க இருக்கு? உங்க வூட்லல்ல இருக்கணும்?"

நான் அவனுடைய அப்பாவின் கரையான் விளக்கத்தைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. பேஸின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு லைட் போடுகிறவரிடம் போய், முதல் பாட்டுக்கு நீல விளக்கு வேண்டாம், முழு இருட்டு வேண்டும், கதவுமேல் எரிகிற பச்சை விளக்கையும் அணைக்க வேண்டும் என்றான். தட்டச்சு செய்து ஒட்டிய நிகழ்ச்சி நிரலில் நீல விளக்கு என்றுதான் இருந்தது.

என் ஃபைல் கீழ்வரிசையில் கடைசி, தீயணைப்பு மணல் வாளிக்கு நேர்மேலே. என் நாற்காலி அதற்கு எட்டிய தூரத்தில்.

பிரகாஷ்


அரியலூர்
14 பிப்ரவரி

பிரகாசு,

எடுத்துவிடு. உன் பொருளை நீ எடுப்பது திருட்டு இல்லை. சட்டையை உள்ளே விடாதே, தளர்வாகப் போட்டுக்கொள்.

இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

அக்கா


பெரம்பலூர்
17 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

விழா சிறப்பாக நடந்தது. விருந்தினர்கள் பொன்னாடைகளுடன் தாமதமாக வந்தார்கள். என் விளக்கவுரையை நானே படித்தேன். ரோந்துக்காரர்கள் சீட்டு கேட்ட இடம் வந்ததும் ஆசிரியர்கள் பக்கத்திலிருந்து ஒருவர் கைதட்டினார், பிறகு எல்லாரும் தட்டினார்கள், நிறுத்தவே இல்லை. தாளாளர் எழுந்து கும்பிட்டார்.

விளக்குகள் அணைந்தன. அப்படி ஓர் இருட்டை நான் பெரம்பலூரில் பார்த்ததில்லை. ஒலிபெருக்கிகளில் அந்தப் பெண்மணியின் பதிவுசெய்த மூச்சு ஆரம்பித்தது. பென் டிரைவில் கேட்டது வேறு, அரங்கில் கேட்பது வேறு. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருந்தவர்களும் அதே தாளத்தில் மூச்சு விடுவது கேட்டது. அதைவிட்டு எழுந்திருப்பதே மரியாதைக் குறைவாகப் பட்டது. பேஸ் கிரீச்சிட்டபோது எழுந்தேன். மணல் வாளி காலில் இடித்தது. கீழ்வரிசையில் கடைசி ஃபைலைக் கிளிப்பிலிருந்து உருவிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மற்ற பாட்டுகள் முழுவதையும் வயிற்றில் பிளாஸ்டிக் உறுத்தக் கேட்டேன்.

விளக்கு வந்தது. சுவரில் ஒரே ஓர் இடம் காலி. இருட்டு எல்லாருக்கும் ஒரே அளவுதான் கிடைத்தது. முன்வரிசையில் இருந்த சக ஆசிரியை கலையரசி மேடத்தின் கைக்கு நேராக அவருடைய ஃபைல் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அறைக்கு வந்து கதவைத் தாழிட்டு ஃபைலைத் திறந்தேன். மேகலா மேடத்துடையது.

பிறகுதான் தெரிந்தது. விருந்தினர்கள் வருவதற்குச் சற்று முன்னால் தாளாளர் வந்து, டாக்டர் பட்டம் வாங்கியவர்களெல்லாம் கண் மட்டத்தில் இருக்க வேண்டுமென்றாராம். கருப்பண்ணன் அவசரமாக மாற்றி மாட்டியிருக்கிறார். கடைசியில் இருந்த நான் ஓர் இடம் முன்னே நகர, கண் மட்டத்திலிருந்து இறக்கப்பட்ட மேகலா மேடத்தின் ஃபைல் என் இடத்துக்கு வந்துவிட்டது.

மேகலா மேடத்தை அலுவலகத்தில் கூப்பிட்டுக் கேட்டார்கள். பாட்டு முழுக்க அவர் மேடைக்குப் பின்னால் நினைவுப் பரிசுகளுக்குக் காவலாக உட்கார்த்திவைக்கப்பட்டிருந்தார். "என்னோடதத் தொலைச்சுட்டு என்கிட்டயே கேக்குறீங்களா?" என்று அழுதாராம். தாளாளர் விசாரணைக் குழு அமைத்திருக்கிறார். தமிழ் நன்றாக எழுதுவேன் என்பதால் அதன் ஒரே உறுப்பினர் நான். வெள்ளிக்கிழமை பீரோவைத் திறந்து எல்லா ஃபைல்களையும் சரிபார்த்து அறிக்கை தர வேண்டும்.

அந்த ஃபைல் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

பிரகாஷ்


அரியலூர்
19 பிப்ரவரி

தம்பி,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ எழுதாததை நான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை பீரோ திறக்கும்போது உன் கையில் அந்தப் பொண்ணின் ஃபைல் இருக்கும். எல்லாம் ஒரே பச்சை. அதை உள்ளே வை, உன்னுடையதை எடுத்துக்கொள். "மேகலா ஃபைல் பீரோவுக்குள்ளதான் இருந்துச்சு, மாட்டவே இல்ல" என்று எழுது. அந்தப் பொண்ணுமேல் இருக்கிற சந்தேகமும் போகும். உன்னுடையது இல்லை என்று அவர்கள் கண்டுபிடிப்பதற்குள் நீ அரசாங்க வேலையில் இருப்பாய்.

இது நியாயமா என்று கேட்காதே. அவளும் பாவம்தான், அவள் குழந்தையும் பாவம்தான். ஆனால் அவளுக்கு ஓர் அக்கா இருந்தால் அவளும் இதைத்தான் எழுதுவாள். நமக்கு யார் இந்த மாதிரி ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள்? அப்பாவுக்கு வைத்தார்களா?

23ஆம் தேதி பகல் வண்டி. ஆர்த்தி உனக்கு ஜன்னல் வழியாகக் கை காட்ட வேண்டுமென்று இப்போதே பழகிக்கொண்டிருக்கிறாள். சாம்பார் வைக்கட்டுமா, கறிக்குழம்பு வைக்கட்டுமா?

வெற்றிச்செல்வி


பெரம்பலூர்
25 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீயும் ஆர்த்தியும் வண்டி போகும்வரை பிளாட்பாரத்தில் நின்றதாக அம்மா சொன்னாள். கறிக்குழம்பை விக்கி வந்து சாப்பிட்டானாம்.

சரிபார்ப்பு நேற்று முடிந்தது. வராதவர்களுக்கு மறுவாய்ப்பு இல்லை என்று அறிவிப்பிலேயே போட்டிருந்தார்கள்.

விசாரணை அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். பீரோவிலிருந்த ஃபைல்கள் அனைத்தும் கருப்பண்ணன் முன்னிலையில் சரிபார்க்கப்பட்டன, காணாமல் போனது ஒன்று, இருட்டுக்கு யாரும் பொறுப்பல்ல என்று எழுதியிருந்தேன். தாளாளர் நடை நன்றாக இருப்பதாகச் சொன்னார். பீரோவுக்கு இரண்டாவது பூட்டு போட்டாயிற்று. தமிழழகன் நேற்று அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டான்.

மேகலா மேடம் சனிக்கிழமை கோயம்புத்தூருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. வெள்ளிக்கிழமை இரவிலிருந்து என் தலையணைக்கு அடியில் எதுவும் இல்லை. அவருடைய வகுப்புகளையும் திங்கட்கிழமையிலிருந்து நான்தான் எடுக்கிறேன்.

பிரகாஷ்